எறும்பு நிலை

ஜனவரி 9

அன்புள்ள எறும்புக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். சில எழுத்துகள் தின்று கொழுத்தது போலவும் சில எழுத்துகள் பட்டினி கிடந்தது போலவும் இருக்கும். அளவுகோல் வைத்துத்தான் எழுதுகிறேன். அளவுகோல் நேராக இருக்கிறது, நான்தான் ஏறி இறங்குகிறேன். இந்த நாலு வரிக்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. இருந்தாலும் எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. எழுபத்தொரு வயதில் அவசரப்பட்டு எங்கே போக?

ஆமாம், நான்தான் எழுதுகிறேன், உன் அப்பா. எல்லோரும் 'பஞ்சு' என்று கூப்பிடுவார்களே, அதே ஆள். காதில் பஞ்சுக் குச்சியைச் செருகிக்கொண்டு, கூண்டுச் சண்டையில் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே கிடைக்கும் ஒரு நிமிடத்தில் ரத்தத்தை நிறுத்தி முப்பத்திரண்டு வருடம் பிழைத்தவன்.

தபால் நிலைய மாடியில் வாரம் நாலு நாள் பிற்பகலில் வகுப்பு நடக்கிறது. நாங்கள் ஒன்பது பேர், ஒருவருக்கும் சொந்தப் பல் முழுதாக இல்லை. டீச்சருக்கு இருபத்து நாலு வயது. முதல் நாள், "தாத்தா, பேனாவைக் குத்துற மாதிரி பிடிக்காதீங்க" என்றாள். "நான் யாரையும் குத்தினதே இல்லம்மா. குத்து வாங்கினவங்களுக்குத் துடைச்சுதான் விட்டிருக்கேன்" என்றேன். பதினொரு மாதம் ஆயிற்று. எழுத்துகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வருகிறது. ழ என்பது ஒருவன் இன்னொருவன் காலைப் பூட்டிப் பிடித்திருப்பது. ஞ என்பது இரண்டு பேர் தரையில் புரள்வது. எது யாருடைய கை என்று நடுவருக்கே தெரியாது.

ஏன் கற்றுக்கொண்டேன் என்று உனக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன் உன் சண்டையைப் பாதியில் நிறுத்திய அன்று, உடைமாற்றும் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னாய்: "எங்கிட்டப் பேசாத. சொல்றதுக்கு ஏதாவது இருந்தா எழுதி அனுப்பு." எனக்கு எழுதத் தெரியாது என்பது அந்த அறையில் உனக்கு மட்டும்தான் தெரியும். சரியான இடம் பார்த்து அடித்தாய். மறுநாள் ஊரைவிட்டுப் போய்விட்டாய். போன் செய்தால் எடுப்பதில்லை. சரி, சொன்னபடியே எழுதுவோம் என்று மாடி ஏறினேன்.

சொல்ல ஒன்று இருக்கிறது. அதற்கு வேண்டிய வார்த்தைகள் இன்னும் கைக்கு வரவில்லை. இன்றைக்கு இது போதும். எப்படி இருக்கிறாய், என்ன செய்கிறாய், எழுது.

அப்பா

•

ஜனவரி 27

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அந்த டீச்சராக இருக்கும். எழுத்தை வேண்டுமென்றே கோணலாக்கத் தேவையில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேட்டிருப்பதால் சொல்கிறேன். நலம். பழைய டயர்க் கிடங்கு ஒன்றில் பாதியை எடுத்துப் பயிற்சிக்கூடம் நடத்துகிறேன். மழை வந்தால் மூன்று இடத்தில் ஒழுகும். பாயை இழுத்து இழுத்துப் போட வேண்டும். ஏழு பேர் வருகிறார்கள். அதில் நெட்டை என்று ஒருத்தி, ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்படி வேலை, இருபத்தாறு வயது. அவள் கை என்னுடையதைவிட ஒரு சாண் நீளம். எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவளிடம்தான் இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 18ஆம் தேதி எனக்குப் பட்டத்துக்கான சண்டை இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் உங்கள் கையால் போனதே, அதே பட்டம். எனக்கு முப்பத்து மூன்று. இதற்குப் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

என் சண்டை இப்போது வேறு மாதிரி. வலது காலும் வலது தோளும் முன்னால். தாடை இடது தோள் பக்கம் திரும்பி இருக்கும். இடக்கை கன்னத்தைவிட்டு இறங்காது. வலக்கையை நீட்டி எதிராளியின் கையையோ தோளையோ தொட்டுக்கொண்டே இருப்பேன், ஒரு நொடிகூட விடமாட்டேன். தொட்டபடியே குத்து, தொட்டபடியே உதை. போன வருடம் மூன்று சண்டை, மூன்றும் ஜெயித்தேன். எறும்பு எதிரே வருவதைத் தொட்டுத் தொட்டுப் போகுமே, அதனால் இதற்கு 'எறும்பு நிலை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீடியோ பார்த்துவிட்டு ஊர் ஊராகப் பழகுகிறார்கள். உங்கள் டீச்சர் போனில் தேடினால் கிடைக்கும்.

தாளில் இருக்கும் கறைக்கு மன்னிக்கவும். தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டேன்.

மகள்

•

பிப்ரவரி 8

அன்புள்ள எறும்புக்கு,

நான்தான் எழுதினேன் என்பதற்குச் சாட்சி: ஆறு வயதில் உன் குதிகாலில் கண்ணாடி குத்தியது. நான் தையல் போட்டேன். நீ என் காதைக் கடித்தாய். அந்தத் தழும்பு உன் காலிலும் இருக்கிறது, என் காதிலும் இருக்கிறது. இது டீச்சருக்குத் தெரியாது. இப்போது தெரியும், 'தழும்பு' எழுதுவதற்கு அவளிடம் உதவி கேட்டேன்.

வாயால் என்னை ஒருநாளும் நீங்கள் என்று சொன்னதில்லை நீ. தாளில் சொல்கிறாய். படித்ததும் திரும்பிப் பார்த்தேன், பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று.

டீச்சர் போனில் உன் மூன்று சண்டைகளையும் பார்த்தேன். வகுப்பே என்னைச் சுற்றி நின்று பார்த்தது. சலவைக்கடை அம்மா, "இது என்ன, சண்டை போடுறாளா, நாடி பாக்குறாளா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிராளி தோளை அசைப்பதற்கு முன்பே நீ அங்கே இல்லை.

எழுத்து தெரியாத காலத்தில் எனக்குக் காயம்தான் புத்தகம். எந்த இடத்தில் காயம் வருகிறதோ அதை வைத்தே சண்டை எப்படி மாறுகிறது என்று சொல்லிவிடுவேன். ஆரம்பத்தில் குத்துச்சண்டைக்காரன் ஒருவனையும் மல்யுத்தக்காரன் ஒருவனையும் உள்ளே விடுவார்கள். முதல் குத்து விழுவதற்குள் மற்றவன் காலை வாரி மேலே உட்கார்ந்துவிடுவான். எனக்கு முழங்காலில் பாய் உரசிய சிராய்ப்புதான் வேலை. பிறகு குத்துகிறவர்கள் விழாமல் நிற்கப் பழகினார்கள். காயம் புருவத்துக்கு ஏறியது. பிறகு முழங்கை வந்தது; நெற்றியும் உச்சந்தலையும் பிளந்தன. அப்புறம் ஒரு வருடம் என் பஞ்சுக்கு வேலையே இல்லை. எல்லோரும் கெண்டைக்காலில் உதைக்கக் கற்றிருந்தார்கள். ரத்தமே வராது, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கும், ஆள் நிற்க முடியாமல் தோற்பான். நான் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

முழங்கை எப்படி வந்தது தெரியுமா? யாரும் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. 'கதவு' என்று ஒருவர் இருந்தார். அவருக்கு வலது கை விரல் மூட்டு உடைந்திருந்தது. கையில் துணி சுற்றியவன் நான், அதனால் எனக்குத் தெரியும். டாக்டரிடம் மறைத்துவிட்டார். குத்தினால் உயிர் போகும், அதனால் நெருங்கிப் போய் முழங்கையால் வெட்டினார். ஜெயித்தார். மறுவருடம் விரல் நன்றாக இருந்தவர்கள் எல்லாம் முழங்கையால் வெட்டினார்கள். 'வாத்து' என்று இன்னொருவர். இடது முழங்கால் மடங்காது. நீட்டிய காலோடு நடந்து அந்தக் காலாலேயே தள்ளித் தள்ளி உதைத்தார். இரண்டு வருடத்தில் நல்ல முழங்கால் உள்ள பயல்கள் எல்லாம் காலை நீட்டி நடந்தார்கள். புதிது புதிதாக வருகிறதே, அதில் பாதி யாரோ ஒருவர் மறைத்த வலி.

உன்னுடையது எந்த வலியில் பிறந்தது? கிழவனின் கேலிதான், கோபித்துக்கொள்ளாதே.

அப்பா

•

பிப்ரவரி 20

அப்பாவுக்கு,

எல்லாவற்றையும் காயத்தில் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். உங்களுக்குச் சண்டையில் தெரிந்தது அந்த ஒரு நிமிடம்தான். மிச்ச ஐந்து நிமிடமும் நீங்கள் வேலிக்கு வெளியேதான் நின்றீர்கள்.

இன்றைக்கு எல்லோருக்கும் எல்லாம் தெரியும். குத்து, உதை, தூக்கிப் போடுவது, பூட்டுவது எல்லாம் ஒரே கூடத்தில் ஒரே நாளில் கற்றுக்கொடுக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியாது என்கிற காலம் போய்விட்டது. மிச்சம் இருப்பது நேரம் ஒன்றுதான். கண் பார்த்து, மூளை சொல்லி, கை எழுவதற்குள் அடி விழுந்துவிடுகிறது. தொட்டுக்கொண்டிருந்தால் அவள் நினைக்கும்போதே அவள் தோள் எனக்குச் சொல்லிவிடும். இன்னும் பத்து வருடத்தில் கண்ணால் பார்த்துச் சண்டை போடுகிறவர்களைப் பழைய ஆட்கள் என்பார்கள். இது யோசித்துச் செய்தது. எந்த வலியிலும் பிறக்கவில்லை.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கூடத்துக் கதவு குறுகல், இடது தோளை அடிக்கடி இடித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். பைக்கை விற்றுவிட்டேன், நடப்பது காலுக்கு நல்லது. சண்டை உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. கண் பார்வை வரை எல்லாம் சரி. அங்கே வரிசையில் நான் எப்போதும் கடைசியில்தான் நிற்பேன், கூட்டம் எனக்குப் பிடிக்காது. எல்லோரும் போன பிறகு போய் முடித்துவிட்டு வந்தேன்.

உங்களுக்கு உண்மையில் சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். அன்று என் புருவத்தில் இருந்த வெட்டு ஒரு விரல் அகலம்கூட இல்லை. அதைப்போல இரண்டு மடங்கு வெட்டை நீங்கள் இருபது விநாடியில் நிறுத்தியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என்னுடையதை மட்டும் நிறுத்த முடியவில்லை. டாக்டர் சண்டையை நிறுத்தினார். உங்கள் கை நடுங்கியது. வயதாகிவிட்டது, வேறு ஆளை வைத்துக்கொள் என்று முன்பே சொல்லியிருக்கலாம். அதை எழுதத்தான் இத்தனை எழுத்து கற்றீர்கள் என்றால், எழுதுங்கள்.

மகள்

•

மார்ச் 3

எறும்பு,

இந்தக் கடிதத்துக்கு ஒன்பது நாள் ஆயிற்று. டீச்சரிடம் எந்த வார்த்தைக்கும் உதவி கேட்கவில்லை. அதனால் தப்புகள் இருக்கும்.

உன் கடிதத்தில் ஒரு இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. வரிசையில் கடைசியாக நிற்பேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடம்.

அறுபது வருடம் நானும் கடைசியாகத்தான் நின்றேன். வங்கியில், ஆஸ்பத்திரியில், ஓட்டுப் போடும் இடத்தில். முன்னால் நிற்பவர்கள் வாய்விட்டுப் படிப்பார்கள், எந்தத் தாளில் எங்கே கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். கேட்டு மனப்பாடம் செய்துவிட்டு, என் முறை வந்ததும் தாளை ஏற இறங்கப் பார்த்துத் தலையாட்டுவேன். படிக்கத் தெரிந்தவன் மாதிரி நடிப்பது எப்படி என்று என்னிடம் கேள். கண் பரிசோதனைப் பலகையில் எத்தனை வரி? நாலு பேர் வாய்விட்டுப் படித்தால் ஐந்தாவது ஆளுக்குப் பாடம் ஆகிவிடாதா? உனக்கு ஞாபகசக்தி என்னிடமிருந்து வந்தது.

பிறகு ஒன்று செய்தேன். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். மேசையில் ஊற்றினேன். கண்ணைப் பொத்தியபடியே அறைக்குள் நடந்தேன், இடது தோள் கதவில் இடித்தது. பிறகு கண்ணாடி முன் சண்டைக்கு நிற்பது போல நின்றேன். எதிரே ஒரு ஆள் இருந்தால் நான் எப்படி நிற்பேன்? என் வலது தோள் தானாக முன்னால் வந்தது. தாடை தானாக இடப்பக்கம் திரும்பியது. தெரியாத பக்கத்துக் கன்னத்தை மூட இடக்கை தானாக எழுந்தது. எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் என்று தெரியாததால் வலக்கை தடவிப் பார்க்க நீண்டது. எறும்பு, உன் நிலையை நான் யாரிடமும் பழகவில்லை. ஒரு கண்ணை மூடினேன், அது வந்துவிட்டது.

இனி நான் சொல்ல வேண்டியது.

அன்று என் கை நடுங்கவில்லை. உன் ரத்தம் இருபது விநாடியில் நின்றிருக்கும். பஞ்சில் நான் மருந்தைத் தொடவே இல்லை. வெறும் பஞ்சை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் வேலியருகே வந்தார். "நிக்காது டாக்டர்" என்றேன்.

ஏன் என்று கேள். அந்தச் சுற்று முடிந்து நீ முக்காலியில் உட்கார்ந்தாய். நான் உன் இடப்பக்கத்திலிருந்து பஞ்சைக் கொண்டுவந்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் மனிதர்கள் கண் சிமிட்டுவார்கள். முப்பத்திரண்டு வருடத்தில் சிமிட்டாதவரை நான் பார்த்ததில்லை. பஞ்சு உன் இமை மயிரைத் தொடும்வரை நீ சிமிட்டவில்லை. மறுபடி கொண்டுவந்தேன். மறுபடியும் அப்படியே. அந்தப் பக்கத்தில் ஏதோ போய்விட்டது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

கண் என்று நான் சொல்லியிருந்தால் அன்றோடு உன் உரிமம் போயிருக்கும், ஆயுசுக்கும். ரத்தம் என்று சொன்னால் அந்த ஒரு சண்டை மட்டும்தான் போகும். எது சின்னதோ அதைச் சொன்னேன். வீட்டுக்குப் போனதும் உன்னிடம் கண்ணைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். அதற்குள் உடைமாற்றும் அறையில் நீ பேசிவிட்டாய், மறுநாள் போய்விட்டாய். பிறகு நீ ஜெயித்த சேதி வந்தது. சரியாகிவிட்டது போல என்று என்னை நானே நம்பவைத்தேன். யாரிடமாவது சொல்லி உனக்குச் சேதி அனுப்பியிருக்கலாம். எழுதத் தெரியாது என்பதை நல்ல சாக்காக வைத்துக்கொண்டேன்.

நீ என்மேல் கோபப்பட்டது பட்டம் போனதற்காக. அதற்காக இல்லை, கோபப்பட வேண்டியது இதற்காக. அன்றைக்கே கண் டாக்டரிடம் போயிருந்தால் அது இவ்வளவு தூரம் வந்திருக்காது. நான் ரத்தத்தைச் சொன்னேன், கண்ணைச் சொல்லவில்லை.

அந்தக் கண்ணில் இப்போது என்ன தெரிகிறது? அதை மட்டும் எழுது.

அப்பா

•

மார்ச் 9

படித்தேன்.

இனி எழுத வேண்டாம். சண்டைக்கு முன்னால் யாரிடமாவது வாயைத் திறந்தால் எனக்கு அப்பா என்று ஒருவர் கிடையாது.

•

மார்ச் 16

எறும்பு,

எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். உன் மூன்று வரியை முப்பது தடவை படித்தேன். முன்பு மாதிரி விரல் வைத்துப் படிக்கவில்லை, கண்ணாலேயே படித்தேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம், பட முடியவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சண்டை நடத்தும் குழுவின் விலாசத்தை டீச்சர் எடுத்துக் கொடுத்தாள். உறையின்மேல் எழுதி, மேசையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். உள்ளே தாள் இல்லை. சொல்லாமல் இருப்பது சரி என்று நினைத்து இப்படி இருக்கவில்லை. ஒருமுறை உன்னைக் கேட்காமல் டாக்டரிடம் பேசினேன், அதன் பலன் உன் முகத்தில் இருக்கிறது. மறுபடியும் கேட்காமல் பேசக் கை வரவில்லை. பேசாமல் இருந்து, அன்றைக்கு வலக்கண்ணிலும் ஒரு அடி விழுந்தால்? பதினெட்டாம் தேதிக்குள் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்னும் ஒன்று. இதை எழுதத்தான் உன் பேச்சை மீறினேன். உன் கூடத்தில் ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் இரண்டு கண் இருக்கிறது. 'வாத்து'வைப் பார்த்து நடந்த பயல்களில் மூன்று பேர் முழங்காலுக்குக் கடைசியில் நான்தான் கட்டுப் போட்டேன்.

அப்பா

•

ஏப்ரல் 2

அப்பா,

நீ கேட்டதற்குப் பதில். மேலிருந்து பாதிவரை திரை இறக்கிய மாதிரி. கீழே கொஞ்சம் வெளிச்சம், நிறம் இல்லை. ஒரு வருடமாகத்தான் இப்படி. அதற்கு முன் இடது ஓரத்தில் மட்டும் நிழல், கொசு பறப்பது போல இருந்தது, கண்டுகொள்ளவில்லை.

மார்ச் 28 அன்று நெட்டைக்குச் சண்டை. என் நிலையில் நின்றாள். முதல் சுற்று முழுவதும் எதிராளியைத் தொட்டுத் தொட்டுப் பிடித்தாள், அவ்வளவு அழகு. இரண்டாவது சுற்றில் எதிராளி இடது காலை எடுத்தாள். பெரிய உதை, மெதுவான உதை. நான் மூலையிலிருந்து பார்க்கிறேன், கூட்டமே பார்க்கிறது. நெட்டை மட்டும் பார்க்கவில்லை. வலது பொட்டில் வாங்கி அப்படியே விழுந்தாள். கன்ன எலும்பில் விரிசல், புருவத்தில் ஏழு தையல்.

ஆஸ்பத்திரியில், "ஏன்டி, கண்ணு முன்னாடிதானே வந்துச்சு, ஏன் பாக்கல?" என்று கத்தினேன். அவளுக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை. "அந்தப் பக்கம் திரும்பினா நீங்கதானே அக்கா தாடையப் பிடிச்சு இந்தப் பக்கம் திருப்புவீங்க" என்றாள்.

ஆமாம். ஒரு வருடமாகத் திருப்பிவிட்டிருக்கிறேன். நல்ல கண்ணை வேண்டாம் என்று பழக்கியிருக்கிறேன். என் ஓட்டைக்கு நான் வைத்த ஒட்டை, ஓட்டையே இல்லாத இடத்தில் ஒட்டியிருக்கிறேன். அதை வரப்போகிற காலம் என்று உனக்கு வேறு பாடம் எடுத்தேன்.

டாக்டர் அவள் கண்ணுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுவந்தார். டக்கென்று சிமிட்டினாள். "கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு" என்றார். அவர் எழுந்து போகும்போது, "எனக்கும் ஒரு தடவை அப்படிக் கொண்டுவந்து பாருங்க டாக்டர்" என்றேன். கொண்டுவந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

சண்டையிலிருந்து விலகிவிட்டேன். உரிமம் போய்விட்டது. நானே சொன்னதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விழித்திரை பிரிந்திருக்கிறதாம், ஏப்ரல் 14 அன்று அறுவை. நாள்பட்டுவிட்டதால் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாதாம். பாதி கிடைத்தாலே பெரிது என்கிறார். முடிந்த பிறகு பத்து நாள் இரவும் பகலும் குப்புறப் படுத்திருக்க வேண்டும், தலையைத் தூக்கக் கூடாது.

ரத்தம் நிற்காது என்று நீ சொன்னதை என்னால் மறந்துவிட முடியும். நாலு வருடம் சும்மா இருந்ததை இன்னும் முடியவில்லை. அதனால் வராதே. வந்தால் கத்துவேன், கத்தினால் கண்ணுக்குக் கெடுதல்.

ஆனால் எழுது. நெட்டை வாசித்துக் காட்டுகிறேன் என்கிறாள். உன் எழுத்து அவளுக்குப் புரிகிறதாம்.

எறும்பு

•

ஏப்ரல் 9

முதலில் நெட்டைக்கு ஒரு வார்த்தை. அம்மா, என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். புரியாத இடத்தில் நீயாக ஒன்றைச் சேர்த்து வாசிக்காதே, 'புரியவில்லை' என்றே சொல்லிவிடு. கன்னம் வலித்தால் நிறுத்திக்கொள். அவள் அழுதால் மட்டும் நிறுத்தாதே, மேலே வாசி. தையல் பிரித்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள். இது முப்பத்திரண்டு வருடத்து அனுபவம்.

இனி எறும்புக்கு.

வரமாட்டேன். நீ சொல்லும்வரை வரமாட்டேன். மேசையில் நின்ற காலி உறையைக் கிழித்துவிட்டேன். கடிதத்தின் அடியில் 'மகள்' போய் 'எறும்பு' வந்திருந்தது. நீங்கள் போய் நீ வந்திருந்தது. அதை டீச்சரிடம்கூடக் காட்டவில்லை.

ஒரு விஷயம் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று டீச்சர் போனில் ஒரு வீடியோ வந்தது. எங்கோ ஒரு ஊர், எந்த நாடு என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரிய கூடம், புதுப் பாய், இருபது இருபத்தைந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோருக்கும் வலது தோள் முன்னால். எல்லோருக்கும் தாடை இடப்பக்கம். பயிற்சியாளர் வரிசையில் நடந்துபோய், நேராகப் பார்க்கிறவர்களின் தாடையைப் பிடித்துத் திருப்பிவிடுகிறார். அத்தனையும் நல்ல கண்கள். நான் என்னை அறியாமல், "நேராப் பாருங்கடா" என்று கத்திவிட்டேன். "தாத்தா, அவங்களுக்குக் கேக்காது" என்றாள் டீச்சர். "தெரியும்மா. வேலிக்கு வெளிய நிக்கிறவன் பேச்சு என்னிக்குக் கேட்டிருக்கு" என்றேன். சலவைக்கடை அம்மா மட்டும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கூடத்துக்கு ஒரு அட்டை எழுதினேன். உன்னைத் தவிர வேறு ஒருவருக்கு நான் எழுதிய முதல் எழுத்து. 'இந்த நிலை இடது கண் தெரியாத ஒருவர் விழாமல் நிற்பதற்காகக் கண்டுபிடித்தது. அவர் கெட்டிக்காரர். உங்களுக்கு இரண்டு கண்ணும் தெரிகிறது. தயவுசெய்து பாருங்கள்.' அவ்வளவுதான். டீச்சர் அதைப் போனிலேயே அந்த ஊர்ப் பாஷைக்கு மாற்றி, வீடியோ போட்டவர்களுக்கே அனுப்பித் தருகிறேன் என்றாள். வேண்டாம், கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டேன். இது உன் கண்ணைப் பற்றிய சேதி. உன்னைக் கேட்காமல் நான் வாய் திறந்தது ஒருமுறை போதும், திறக்காமல் இருந்ததும் ஒருமுறை போதும். அட்டையை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். நெட்டை அதையும் வாசிப்பாள். அனுப்புவதா கிழிப்பதா என்று நீ சொல். நீ சொல்வதற்குள் அந்த இருபத்தைந்து பேரில் யாராவது ஒருவர் விழுந்துவிடுவார் என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் காத்திருக்கிறேன்.

உனக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்க மாட்டேன். எனக்கு இருக்கிறது. பதினான்காம் தேதி வகுப்புக்குப் போகமாட்டேன். எழுத்து என்றைக்கும் ஓடிவிடாது.

வருகிற புதன்கிழமையும் மேசைக்கு முன்னால் உட்காருவேன், அதற்கு அடுத்த புதனும். நீ குப்புறக் கிடக்கும் நாளில் வருவதையெல்லாம் நெட்டை பிரிக்கட்டும். கட்டு அவிழ்க்கிற அன்றைக்கு வந்து சேருகிற மாதிரி ஒன்று அனுப்புவேன், அதை மட்டும் அவள் பிரிக்கக் கூடாது. அதை நீயே பிரி. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு முதலில் இடது கண்ணால் பார். ஒரு பக்கத்துக்கு ஒரு எழுத்து என்று, கரியால் தீற்றியது போல, அவ்வளவு பெரிதாக எழுதியிருப்பேன். ஒன்றுமே தெரியவில்லை என்றால் பொத்திய கையை எடுத்துவிடு. எதற்கும் இருக்கட்டும் என்று, அதே சேதியைக் கடைசித் தாளில் சின்ன எழுத்திலும் எழுதிவைக்கிறேன்.

அப்பா